பார்த்தவர் எத்தனை பேர்? புரிந்துகொண்டவர் எத்தனை பேர்?

டிங்கிக் காய்ச்சல் கண்டவருக்கு மூன்று நான்கு நாள் கழித்து உடல் சூடு தணிந்தால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. “காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை” என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி போகும். கைகூப்பும் சின்னங்கள் வரிசையாக வந்து விழும்.

ஆனால் மருத்துவம் சொல்வது வேறு. டிங்கியில் உடல் வெப்பம் தணியும் வேளைதான் சிலருக்கு ஆபத்தான வேளை. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் இது நேரும். இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் வரை அது நீடிக்கலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாணவர்களே, இந்தச் செய்தியை உங்கள் பாட்டியிடம் யார் சொல்வது? இடைநிலைப்பள்ளியில் நீங்கள் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறீர்கள். பாட்டிக்குத் தெரிந்தது தமிழ். நடுவில் நிற்பவர் நீங்கள்தான். தெரிந்ததை, தெரியாதவருக்கு, அவர் மொழியில், தவறில்லாமல் புரியவைப்பது. தகவல் தொடர்பு என்ற துறையின் அடிப்படை இதுதான்.

எஸ்.பி.எம். முடித்த பின் தொடர்புத்துறை படிக்க விரும்பும் மாணவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நம் பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் அதற்கான படிப்பு இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சிக் கருவி இப்போதே உங்கள் கையில் உள்ளது. வாட்ஸ்அப், வலையொளி, டிக்டாக், படவரி ஆகியவற்றைப் பொழுதுபோக்குக்கு மட்டுமின்றித் திறன் வளர்க்கவும் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இன்றைய பாடம்.

மூன்று நிமிடத்தில் அறிவியல்

பேம்லேப் என்றொரு போட்டி உண்டு. 2005இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் அறிவியல் விழாவில் தொடங்கியது. பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. விதி எளிது. மேடையில் மூன்று நிமிடம். திரையில் படம் காட்டக் கூடாது. கையில் எடுத்து வரக்கூடிய பொருளை மட்டும் பயன்படுத்தலாம். நடுவர்கள் மூன்றைப் பார்ப்பார்கள்: சொன்ன அறிவியல் சரியா, தெளிவாக இருந்ததா, கேட்போரை ஈர்த்ததா.

இந்தப் போட்டியின் அனைத்துலக இறுதிச் சுற்றில் மலேசியர் இரண்டு முறை வென்றிருக்கிறார்கள். 2016இல் வென்றவர் மரபியல் ஆய்வாளர் டாக்டர் அபிமன்யு வீரகுமாரசிவம். 2018இல் வென்றவர் டாக்டர் சித்தி கைரியா முகமட் ஹனாபியா. காசநோய் ஆய்வாளர்; அப்போது நம் மாநிலத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தார்.

நடுவர்கள் பார்க்கும் மூன்றில் முதலாவது எது என்று கவனியுங்கள். சொன்னது சரியா என்பதே முதல் கேள்வி. டிக்டாக்கில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிறது. முதலில் ஈர்ப்பு, தெளிவு பிறகு, உண்மை கடைசியில். அதே கருவியைப் பயன்படுத்திக்கொண்டு வரிசையை மட்டும் நாம் நேராக்கிக் கொள்ளப் போகிறோம்.

முதல் பயிற்சி: ஒரே ஒரு வாக்கியம்

கைப்பேசியை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். “இதைக் கேட்டவர் எதை நினைவில் வைக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுங்கள்.

ஏன் ஒன்று மட்டும்? நம் மூளையில் செயல் நினைவு என்று ஒன்று உண்டு. இப்போது கேட்பதைச் சற்று நேரம் தாங்கி வைத்திருக்கும் பகுதி அது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு கூறுகளைத்தான் அதனால் தாங்க முடியும் என்பது உளவியல் ஆய்வுகள் காட்டும் கணக்கு. டிங்கியின் நான்கு வகைக் கிருமி, ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி, தட்டணுக்களின் எண்ணிக்கை, எச்சரிக்கை அறிகுறி என்று எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் அடுக்கினால் கேட்பவர் மனத்தில் எதுவும் தங்காது.

நம் ஒற்றை வாக்கியம் இப்படி இருக்கலாம்: “டிங்கியில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.” மற்ற செய்திகளை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொசுவைப் பற்றிய பதிவு தனி.

இரண்டாம் பயிற்சி: குரல் பதிவு

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் ஒரு நிமிடக் குரல் பதிவு செய்யுங்கள். பிறகு கேளுங்கள். பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். “ஐயோ, என் குரல் இவ்வளவு மோசமா?” என்று பதிவை அழித்துவிடுவார்கள்.

உங்கள் குரலில் கோளாறு இல்லை. நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழியில் நம் உட்செவிக்குப் போகிறது. ஒன்று காற்று வழி. மற்றொன்று மண்டையோட்டு எலும்பு வழி. எலும்பு தாழ்ந்த அதிர்வெண்களை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் இருப்பது காற்று வழி வந்தது மட்டும். அதனால் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் நாள்தோறும் கேட்பது அந்தக் குரலைத்தான். நான்கைந்து முறை கேட்டால் பழகிவிடும்.

பழகிய பின் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே வேகம் கூடியது? எங்கே “வந்து”, “அதாவது” என்று நிரப்பினீர்கள்? எந்தச் சொல் தெளிவாக விழவில்லை? பிறகு மீண்டும் பதியுங்கள்.

வேகத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கில நூல்கள் கணக்குச் சொல்லும். அது தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்வதை நாம் ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். நன்றாகப் புரிகிறது என்று வீட்டார் சொன்ன பதிவில் எத்தனை சொல் இருந்தது என எண்ணுங்கள். அதுவே உங்கள் அளவு.

பேசிப் பழகி முன்னேறியவருக்கு நல்ல எடுத்துக்காட்டு மைக்கேல் பாரடே. கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளைக் கட்டி டேவிக்கே அனுப்பினார். அதன் வழி அறிவியல் உலகில் நுழைந்தார். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அவர், நன்றாகப் பேசவும் ஆசிரியர் வைத்துப் பாடம் கற்றார். பேச்சு வேகம் கூடாமலிருக்க, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தம் கண்முன் வைத்துக்கொள்வாராம். லண்டன் ராயல் கழகத்தில் இளையோருக்காக 1825 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 ஆண்டுகள் பேசியவர் அவர். பாரடேக்கு அட்டை, உங்களுக்குக் குரல் பதிவு.

மூன்றாம் பயிற்சி: மூன்று மொழியில் ஒரு கருத்து

மலேசியத் தமிழ் மாணவருக்கு இருக்கும் தனி வசதி இது. நியாமுக் என்று மலாயிலும், மஸ்கிட்டோ என்று ஆங்கிலத்திலும், கொசு என்று தமிழிலும் உங்களால் சொல்ல முடிகிறது. சொற்களை மாற்றுவது எளிது. கருத்தை மாற்றிச் சொல்வதுதான் பயிற்சி.

பாடநூலில் படித்ததை அப்படியே பெயர்த்தால் இப்படி வரும்: “டிங்கி நோயின் நெருக்கடிக் கட்டத்தில் பிளாஸ்மா கசிவு ஏற்படும் சாத்தியம் உள்ளது.” இதில் பிழை இல்லை. ஆனால் பாட்டிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது இதைக் கேளுங்கள்: “பாட்டி, டிங்கியில காய்ச்சல் இறங்கிட்டா ஆபத்து முடிஞ்சுதுன்னு நினைக்கக் கூடாது. அடுத்த ரெண்டு நாள்தான் நல்லா கவனிக்கணும். வயிறு ரொம்ப வலிச்சாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ, ரொம்ப சோர்ந்து போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.”

கலைச்சொல் போய்விட்டது, அறிவியல் போகவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்துவிட்டது. இதே கருத்தைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காளுக்கு மலாயிலும், சீன நண்பருக்கு ஆங்கிலத்திலும் ஒரு நிமிடத்தில் சொல்லிப் பதியுங்கள். எந்த மொழியில் தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தில் உங்களுக்குச் சொல் தெரியவில்லையா, கருத்தே புரியவில்லையா என்று பாருங்கள். பல நேரம் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும். அப்போது பாடநூலுக்குத் திரும்புங்கள்.

நான்காம் பயிற்சி: காணொலி

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. படிவம் 4, 5 இயற்பியல் போதும்.

முதலில் ஒலி. திறந்த வெளியில் ஒலிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கைப்பேசியை 60 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால், உங்கள் வாயிலிருந்து நேராக வரும் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். 15 சென்டிமீட்டரில் பதினாறு மடங்கு. வெளியே போகும் லாரியின் இரைச்சலோ மாறாமல் அப்படியே இருக்கும். மாக் மண்டின் தொழிற்பேட்டைச் சாலை ஓரத்தில் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். சிமென்ட்டுச் சுவரும் ஓட்டுத் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும், துணி உறிஞ்சும். ஆகவே கூடத்தைவிட, துணிமணி தொங்கும் படுக்கையறை பேச்சுப் பதிவுக்கு ஏற்றது.

அடுத்து ஒளி. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். சன்னலைப் பார்த்து நில்லுங்கள். விளக்கொளியில் எடுக்கும்போது சில வேளை படத்தில் கோடுகள் ஓடும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். காணொலி நொடிக்கு 30 படம் எடுத்தால் 100ஐ 30 சரியாக வகுக்காது. ஒவ்வொரு படத்திலும் ஒளி வேறுபடும். 25 படம் என்று மாற்றினால் ஒரு படத்துக்குச் சரியாக நான்கு துடிப்பு. கோடு ஓடுவது நிற்கும். இந்த அமைப்பு இல்லாத கைப்பேசி என்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கடைசியாக எழுத்து. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது கோப்பின் அளவைக் குறைக்கச் செயலி படத்தைச் சுருக்குகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய வேறுபாடுகள் அப்போது விடுபடும். சிறிய எழுத்தின் ஓரங்கள் அவ்வகை நுண்ணிய வேறுபாடுகளே. அதனால்தான் எழுத்து கலங்கித் தெரிகிறது. ஒரு படத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

ஐந்தாம் பயிற்சி: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

பாடத்தின் மையம் இதுதான். நீங்கள் செய்த பதிவு நன்றாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? விருப்பக் குறி எத்தனை என்று பார்ப்பது ஒரு வழி. செயலிகள் அதைத்தான் எண்ணிக் காட்டுகின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பது அவற்றின் கணக்கு. புரிந்ததா என்பதை அவை எண்ணுவதில்லை. உண்மையா என்பதையும் எண்ணுவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகமாக இருந்தது. பொய்ச் செய்தி புதுமையாகத் தோன்றுவதும், கேட்பவரை வியக்க வைப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஆக, பரவியது என்பதால் மட்டும் ஒரு செய்தி நல்ல செய்தியாகிவிடாது.

நமக்கு வேறோர் அளவுகோல் வேண்டும். மருத்துவத் தொடர்பில் அது நெடுநாளாக இருக்கிறது. மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிய பிறகு தாதியர் நோயாளியிடம், “வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்பார். திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறையைத்தான் நாமும் கைக்கொள்ள வேண்டும்.

உங்கள் பதிவை மூன்று பேருக்கு மட்டும் அனுப்புங்கள். மறுநாள் அவர்களிடம், “நேற்று நான் சொன்னது என்ன?” என்று கேளுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, உங்கள் ஒற்றை வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். “டிங்கி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னே” என்று பாட்டி சொன்னால், ‘காய்ச்சல் இறங்கிய பிறகு’ என்ற முக்கியப் பகுதி அவரிடம் போய்ச் சேரவில்லை. அது பாட்டியின் குறை அன்று. அந்தப் பகுதியை முதலில் கொண்டு வந்து, இரண்டு முறை சொல்லி, மீண்டும் பதியுங்கள்.

ஆயிரம் பேர் பார்த்த காணொலியைவிட, மூன்று பேரும் சரியாகத் திருப்பிச் சொன்ன குரல் பதிவு உங்களுக்கு அதிகம் கற்றுத் தரும்.

சரிபார்த்தலும் பாதுகாப்பும்

• உடல்நலச் செய்தி எதையும் சுகாதார அமைச்சு, உலகச் சுகாதார நிறுவனம் போன்ற பொறுப்பான இரண்டு இடங்களிலாவது ஒப்பிட்ட பின்னரே பதியுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

• பதிவில் தவறு இருப்பது தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். எது தவறு, எது சரி என்று அதே குழுவில் சொல்லுங்கள். முதல் பதிவைக் கேட்டவர் அதை நம்பிக்கொண்டிருப்பார்.

• மற்றவர் படம், குரல், நோய் விவரம் ஆகியவற்றை அவர் இசைவின்றிப் பயன்படுத்தாதீர்கள்.

• பள்ளிச் சீருடை, வீட்டு முகவரி, வாகன எண் ஆகியவை காணொலியில் தெரிய வேண்டாம்.

• செயலிகளின் வயது விதியை மதியுங்கள். இங்கே சொன்ன பயிற்சி எதற்கும் பொதுவெளியில் கணக்குத் தேவையில்லை. கைப்பேசியில் பதிந்து குடும்பத்தாருக்கு அனுப்பினாலே போதும்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: ஏடிஸ் கொசு முட்டையைப் பற்றி ஒரே வாக்கியம், ஒரு நிமிடக் குரல் பதிவு. குறிப்பு: நீர் மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை, நீர் வற்றினாலும் பல மாதம் அழியாது, மீண்டும் நீர் சேர்ந்தால் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இரண்டாம் வாரம்: அதே கருத்து, மூன்று மொழியில்.

மூன்றாம் வாரம்: அதையே காணொலியாக. ஒரு பூச்சாடித் தட்டைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

நான்காம் வாரம்: மூன்று பேரிடம் திருப்பிச் சொல்லும் சோதனை. பிறகு திருத்திய பதிவு.

எல்லாப் பதிவுகளையும் தேதியிட்டு ஒரு கோப்புறையில் வையுங்கள். நாளை தொடர்புத்துறை நேர்முகத் தேர்வில், “நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால், முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் காட்டலாம். நடுவில் என்ன கற்றீர்கள் என்பது அதிலேயே தெரியும்.

சிந்தித்து விடை காண்க

1. கைப்பேசியை வாயிலிருந்து 40 சென்டிமீட்டரில் வைத்துப் பதிகிறீர்கள். 10 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் நேரடி ஒலியின் செறிவு எத்தனை மடங்காகும்?

2. மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாட்டில், விளக்கொளியில் நொடிக்கு 30 படம் எடுத்தால் கோடு ஓடுமா? ஏன்?

3. இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, டிங்கியில் எந்த நாள்களில் மிகவும் கவனம் தேவை, ஏன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். மறுநாள் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விடுபட்டது எது?